இருபத்தேழு பேர் வந்த முகாமும் என் இரண்டு பவுன் சங்கிலியும்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்ல வராது. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தில் அட்மின் அசிஸ்டென்ட் என்று இருக்கிறது. குடோன் ஆட்களுக்கு மேடம், பேங்க் கேஷியருக்கு ‘அந்தக் கம்பெனிப் பொண்ணு’, அம்மாவுக்குக் கிளார்க் உத்தியோகம். பில் போடுவது, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டுவது, கூரியர் அனுப்புவது, முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். இதே மாதிரி வேலையில் இருக்கிற கொஞ்சம் பேர் சேர்ந்து வைத்த ஒரு சிறு சங்கத்துக்காக 2023 மே மாதம் ஏற்காட்டில் ஒரு நாள் பயிற்சி முகாம் நடத்தினேன். நடத்தினோம் என்று எழுதத்தான் ஆசை. ஓடியது நான் ஒருத்திதான். எல்லாம் முடிந்தபோது என் கையை விட்டுப் போனது 35,150 ரூபாய். சங்கிலி அடகுக்குப் போனது, நாலு நாள் சம்பளம் போனது, ‘கணக்கு எங்கே’ என்று நாலு பேர் கேட்டபோது தூக்கமும் போனது. உங்களையும் யாராவது ஒரு சங்கத்துக்குச் செயலாளர், பொருளாளர் என்று கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு அப்போது சொல்ல ஆளில்லை.

சங்கம் ஆரம்பித்த கதை சின்னது. மாதம் 15ஆம் தேதிக்குள் பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கட்ட வேண்டும். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி. அந்தத் தேதிகளுக்கு முந்தின நாள் ஆடிட்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்போதும் அதே ஆட்கள்தான். ஜவ்வரிசி ஆலையிலிருந்து ஒரு அக்கா, செவ்வாய்பேட்டை லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து ஒரு தம்பி, வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரக் கடை அண்ணன், தனியார் பள்ளி ஆபீஸிலிருந்து ஒரு சின்னப் பெண். ரொம்ப நாள் பெயரே தெரியாது. சேகோ அக்கா, லாரித் தம்பி, கொலுசு அண்ணன், அவ்வளவுதான். ஒருவர் பிஎஃப் ஃபைல் ஏறவில்லை என்று தவித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, “ஆதார்ல இனிஷியல் பின்னாடி இருக்கும் பாருங்க, நீங்க முன்னாடி போட்டிருக்கீங்க” என்பார். பார்த்தால் அதேதான். அரை நாள் வேலை ஒரு நிமிடத்தில் முடியும். எனக்கு எக்ஸெலில் வி-லுக்கப் (VLOOKUP) போடக் கற்றுக்கொடுத்தது அந்த லாரித் தம்பிதான். வண்டி நம்பரை அடித்தால் வாடகை பாக்கி தானாக வந்து விழுகிற மாதிரி ஒரு ஷீட் வைத்திருந்தான். நான் டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர் முடித்தவள். பதிலுக்கு அவனுக்குத் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கப் பழக்கினேன். ஆடிட்டர் ஆபீஸ் பெஞ்சிலிருந்து பக்கத்துத் தட்டுவடை செட் கடைக்கு வந்தோம், அங்கிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் ஒருநாள் யாரோ “சங்கம்னு வச்சுக்கலாமே” என்றார்கள். வருட சந்தா நூறு ரூபாய். எண்பது பேர் வரை சேர்ந்தார்கள்.

அன்றைக்கே முதல் தப்பு நடந்துவிட்டது. “எழுதற வேலை உங்களுக்குத்தான் அத்துப்படி, நீங்களே செயலாளரா இருங்கக்கா” என்றார்கள். சரி என்றேன். “பணத்தையும் நீங்களே பாத்துக்குங்க, எதுக்கு ரெண்டு பேரு” என்றார்கள். அதற்கும் சரி என்றேன். பெருமையாகக்கூட இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? ஆபீஸில் அத்தனை வருடமாக யாரும் என்னை நம்பி ஒரு பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுத்ததில்லை. வேலை வரும், பொறுப்பின் பெயர் வேறு யாருக்காவது போகும். இங்கே எண்பது பேர் கை தட்டினார்கள். எழுதுபவரும் பணம் வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸில் பெட்டி கேஷ் (சில்லறைச் செலவுப் பணம்) விஷயத்தில்கூடப் பின்பற்றுகிற சாதாரண வழக்கம். நான் வவுச்சர் எழுதுவேன், கேஷ் வேறு ஒருவர் கையில் இருக்கும். அது எனக்கு அன்று நினைவுக்கே வரவில்லை. உங்களிடம் இரண்டையும் கொடுத்தால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சண்டை போட்டாவது.

ஏற்காடு யோசனை சேகோ அக்காவுடையது. “வருஷா வருஷம் முதலாளி வீட்டு ஆளுங்களுக்கு ஏற்காட்டுல ரூம் போட்டுக் குடுக்கறேன். எந்த ரூம்ல இருந்து ஏரி தெரியும், எங்க வெந்நி வராதுன்னு எல்லாம் எனக்குத் தெரியும். நான் மேல போயி ஆறு வருஷமாச்சு” என்றார். எல்லோரும் சிரித்தோம். எல்லோருக்கும் அதே கதைதான். அடுத்தவர் பயணத்துக்கு டிக்கெட், ரூம், வண்டி, சாப்பாடு எல்லாம் போட்டுக் கொடுத்த கைகள். ஒரு நாளாவது நமக்காகப் போடுவோம், சும்மா சுற்றுலாவாக இல்லாமல் பிஎஃப், பணிக்கொடை (வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தர வேண்டிய கிராஜுவிட்டி), கடிதம் எழுதுவது என்று உருப்படியாக ஒரு வகுப்பும் வைப்போம் என்று முடிவானது. யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு 62 பேர் கை தூக்கினார்கள். தலைக்கு 900 ரூபாய் என்று கணக்குப் போட்டேன். முன்பணம் 200, மீதி அங்கே வந்து. இந்த ‘மீதி அங்கே வந்து’தான் என்னைக் கவிழ்த்தது.

தேதி விஷயத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் லீவு, ஆபீஸில் மார்ச் கணக்கு முடிந்த ஓய்வு என்று மே மாதக் கடைசி ஞாயிறைக் குறித்தேன். சேலத்துக்காரி நான், மே மாதக் கடைசியில் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் விழாத் தேதியை முறையாக அறிவிக்கும் முன்பே நான் மண்டபத்துக்குப் பணம் கட்டியிருந்தேன். அறிவிப்பு வந்து பார்த்தால் எங்கள் ஞாயிறு சரியாக விழாவுக்குள் விழுந்திருக்கிறது. மண்டபத்துக்காரரிடம் தேதி மாற்ற முடியுமா என்று கேட்டேன். “அட்வான்ஸ் ரிட்டன் கிடையாதுன்னு ரசீதுலயே இருக்குங்களே” என்றார். இருந்தது. ரசீதின் பின்பக்கம், ரப்பர் ஸ்டாம்பில், பாதி அழிந்த ஊதா மையில். ஆபீஸுக்கு வரும் கொட்டேஷன் என்றால் பின்பக்கம் திருப்பாமல் ஃபைலில் வைக்க மாட்டேன். இதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அந்த ரசீதால் இன்னும் இரண்டு அடி வாங்கினேன். வாடகை 12,000 என்று வாயால் சொன்னார்கள், அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி, 2,160. சாப்பாடு இலைக்கு 320, குறைந்தது 50 பேருக்குக் காசு கட்டியே ஆக வேண்டும், பத்துப் பேர் வந்தாலும் ஐம்பதுக்குத்தான் பில். ஆக மண்டபமும் சாப்பாடும் மட்டும் 30,160. எந்த இடத்தை வாடகைக்குப் பேசினாலும் மூன்று கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வரி சேர்த்தா சேர்க்காமலா, குறைந்தபட்சம் எத்தனை பேருக்குக் காசு, ஆள் குறைந்தால் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும். இதை எழுதுகிற எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் கம்பெனி ஸ்வீட் ஆர்டருக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கிறவளே நான்தான்.

முகாமுக்கு ஒரு வாரம் முன்பிருந்து போன் வர ஆரம்பித்தது. “மாமியாருக்கு முடியலக்கா.” “அன்னைக்கு ஸ்டாக் எடுக்கறாங்களாம், லீவு கிடையாதுன்னுட்டாரு.” “கூட்டமா இருக்குமாம், குழந்தைய விட்டுட்டு வர முடியாது.” ஒருத்தி வெளிப்படையாகச் சொன்னாள்: “எங்க வீட்டுல சங்கத்துக்கெல்லாம் போகக் கூடாதுன்னுட்டாங்க.” ஒருவர்மேலும் கோபம் வரவில்லை, எல்லாமே நிஜமான காரணம். அழுகைதான் வந்தது. 62 பேரில் முன்பணம் தந்தது 41 பேர். மீதிப் பேர் வாய்வார்த்தை. மூன்று டெம்போ டிராவலர் பேசியிருந்தேன், ஒன்றை ரத்து செய்ததில் அதன் முன்பணம் 2,000 போனது. பேடு, பேனா, ஃபைல் சேர்த்த பை ஒன்று 85 ரூபாய், 62 பை ஏற்கெனவே பிரிண்ட் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டது. பேடு ஒவ்வொன்றின் தலையிலும் முகாம் தேதி பளிச்சென்று.

வியாழக்கிழமை மதியம் பெர்மிஷன் போட்டுவிட்டு என் இரண்டு பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் நகைக் கடன் வைத்தேன். அம்மாவிடம் கொக்கி விட்டுவிட்டது, பத்தவைக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே லாரித் தம்பிக்கோ சேகோ அக்காவுக்கோ ஒரு போன் போட்டு, “நாப்பதாயிரம் துண்டு விழுது, என்ன பண்ணலாம்” என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் செயலாளர் லட்சணம் இவ்வளவுதானா என்று நினைப்பார்களோ என்று ஒரு வறட்டு கௌரவம். பின்னால் தெரிந்தது, அன்று கேட்டிருந்தால் முகாமையே சேலத்தில் ஒரு பள்ளி வகுப்பறைக்கு மாற்றியிருப்பார்களாம். பள்ளி ஆபீஸ் பெண் சாவியே வைத்திருந்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பினோம். இரண்டு வண்டியில் 27 பேர். 20 கொண்டை ஊசி வளைவு, சாதாரண நாளில் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம். அன்று அடிவாரத்திலேயே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஆறாவது வளைவுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் நாற்பது நிமிடம் நின்றோம். ஒரு குரங்கு எங்கள் வண்டிக் கண்ணாடியில் வந்து உட்கார்ந்துகொண்டு தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பின் சீட்டில் இருவர் வாந்தி. எனக்கு அந்தக் குளிரிலும் உள்ளங்கை வேர்த்தது. ஒன்பதரைக்கு ஆரம்பிக்க வேண்டிய வகுப்பு, நாங்கள் மண்டபத்தில் நுழைந்தபோது மணி பத்து ஐம்பது. உள்ளே 62 நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பின்வரிசை நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடித்துச் சுவரோரம் சாய்த்தேன், ஃபோட்டோவில் காலியாகத் தெரியக் கூடாது என்று. கொலுசு அண்ணன் கவனித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்து கூட மடித்தார்.

ஆனால் வகுப்பு? அதைப் பற்றிக் குறை சொல்ல என்னால் முடியாது. தொழிலாளர் சட்டம் தெரிந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை 5,000 ரூபாய் மதிப்பூதியம் தந்து அழைத்திருந்தோம். மேடையில் ஏறாமல் எங்கள் நடுவில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். “உங்க ஆபீஸ்ல மாசாமாசம் பிஎஃப் கட்டற வேலை பாக்கறது யாரு, கைய தூக்குங்க” என்றார். 19 கை. “உங்க பேருல பிஎஃப் இருக்கறவங்க மட்டும் கைய அப்படியே வையுங்க.” எட்டுக் கை இறங்கியது. பத்து வருடமாக எழுபது பேருக்குப் பிஎஃப் கட்டுகிற சேகோ அக்காவின் கை பாதி இறங்கிக் காதுப் பக்கம் நின்றது, தலைமுடியை ஒதுக்குவது மாதிரி. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் பிஎஃப் சட்டத்துக்குள் வரும், அந்த 20இல் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவரும் ஒருவர்தான், மெஷினில் நிற்பவர் மட்டும் தொழிலாளி என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள் என்று நிதானமாகச் சொன்னார். எனக்குப் பிஎஃப் உண்டு. ஆனால் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடத்திலிருந்துதான். முதல் மூன்று வருடம் என்ன ஆயிற்று என்று அதுவரை நான் யாரையும் கேட்டதே இல்லை. மாதாமாதம் அந்த லிஸ்ட்டை டைப் செய்பவள் நான்.

அப்புறம் பணிக்கொடை. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26ஆல் வகுத்துக் கணக்கு. அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் வருடச் சட்டப்படி அது. கொலுசு அண்ணன் பேடில் போட்டுப் பார்த்தார். அடிப்படைச் சம்பளம் 13,000, வருடம் 14. பதின்மூன்றாயிரத்தை இருபத்தாறால் வகுத்தால் ஐந்நூறு, பதினைந்து நாளுக்கு 7,500, பதினான்கு வருடத்துக்கு 1,05,000. இரண்டு தடவை போட்டார். அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாயந்திரம் வரைக்கும் யாரிடமும் பேசவில்லை.

மதியம் ஐம்பது இலையில் 27 பேர் சாப்பிட்டது போக மீதியைக் கட்டிக்கொடுக்கச் சொன்னோம், பாத்திரம் இல்லை என்றார்கள். இறங்கும்போது போலீஸ்காரர் அடிவாரப் பாதையில் விடாமல் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார். சுற்று வழி என்று இரண்டு டிரைவரும் ஆளுக்கு 800 கூடுதலாகக் கேட்டார்கள். பேசிப் பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை, கொடுத்தேன். மொத்தச் செலவு 60,450. வந்த 27 பேரிடமிருந்து 24,300. வராத 14 பேரின் முன்பணம் 2,800, அதிலும் ஒன்பது பேர் திருப்பிக் கேட்டார்கள், 1,800 கொடுத்துவிட்டேன். மீதிக் கணக்குதான் மேலே சொன்ன 35,150. முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மண்டபத்துக்காரர் எழுதி வைத்திருந்தார்.

இதையாவது தாங்கிக்கொள்ளலாம். ஜூன் மாதக் கூட்டத்தில் நடந்ததைத்தான் இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. முகாமுக்கு வராத ஒருவர், வந்து உட்கார்ந்ததும், “அறுபது பேருகிட்ட வாங்கின காசுக்குக் கணக்கு எங்கங்க?” என்றார். அறுபது பேரிடம் வாங்கவில்லை என்றேன். “எங்களுக்கு எப்படித் தெரியும், உங்க ஜீபேக்குத்தானே போட்டோம்” என்றார். இன்னும் மூன்று பேர் தலையாட்டினார்கள். கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்தத் தொனி, திருடியைக் கேட்கிற தொனி. சேகோ அக்கா எனக்காகச் சத்தம் போட்டார். அது இன்னும் மோசமாயிற்று, ஏனென்றால் என்னிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தேன். பதினான்கு பக்கம். மஞ்சள் ஹைலைட்டரோடு இரண்டு ராத்திரி. சங்க முன்பணம் 200, அதற்குக் கீழே பால்காரருக்கு 1,240, அதற்குக் கீழே சந்தா 100, தங்கச்சி அனுப்பிய 3,000, டெம்போவுக்கு 2,000, ரீசார்ஜ் 239. யார் போட்ட 200 என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை, பாதிப் பேர் புருஷன் நம்பரிலிருந்து போட்டிருந்தார்கள். மூன்று 200க்கு இன்று வரை ஆள் தெரியாது. தண்ணீர் கேன், டீ, பேனர் என்று ரொக்கமாகக் கொடுத்த 3,420 ரூபாய்க்குப் பில்லே வாங்கவில்லை. ஆபீஸில் நாற்பது ரூபாய் ஆட்டோவுக்கு வவுச்சர் இல்லாவிட்டால் பாஸ் பண்ண மாட்டேன் என்று சேல்ஸ் பையன்களை அழவிட்டவள். அந்த இரண்டாவது ராத்திரி விடிகாலையில்தான் எனக்கு உறைத்தது: அடுத்தவர் காரியம் என்றால் நாங்கள் தேதி, கையெழுத்து, நகல் என்று அத்தனையும் எழுதி வைப்போம். எங்கள் காரியம் என்று வந்ததும், நமக்குள் என்ன எழுத்து என்று விட்டுவிட்டோம். பணம் மட்டும் அல்ல, எண்பது பேர் சங்கத்தில் ஒன்றரை வருடமாக நடந்த ஒரு கூட்டத்துக்குக்கூட மினிட் (கூட்டத்தில் பேசியது, முடிவானது பற்றிய குறிப்பு) எழுதியதில்லை. தினமும் ஊருக்கெல்லாம் மினிட் எழுதுகிறவர்கள்!

அடுத்த நாள், சேலத்தில் ‘முதல் அக்ரஹாரம்’ என்கிற தெருவில் ஒரு கடையில் நீளமான காலிகோ அட்டை நோட்டு ஒன்று வாங்கினேன். பக்க எண் அச்சடித்தது. ஜூலைக் கூட்டத்தில் மஞ்சள் கோடு போட்ட ஸ்டேட்மென்ட் நகலை நாலு செட் எடுத்துச் சுற்றுக்கு விட்டேன், அடகு ரசீதையும் சேர்த்து. கேள்வி கேட்டவர் அடகு ரசீதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் தலை குனிந்திருந்தார். வெளியே வந்து, “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லக்கா” என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் பேசி, முடிந்தவர்கள் முடிந்ததைப் போட்டு, ஆறு மாதத்தில் 11,500 வந்தது. மீதி 23,650 என்னுடையது. சங்கிலியை அடுத்த தீபாவளிக்கு முன்னால் மீட்டேன்.

அதன் பிறகு செய்தவற்றை, உங்களுக்கு ஆகும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் பணத்தை என் கணக்கிலிருந்து பிரித்தோம். சங்கத்தின் பெயரிலேயே கணக்கு தொடங்கலாம் என்று பேங்குக்குப் போனால் பதிவுச் சான்றிதழ், பைலா (சங்க விதிமுறை), பான், கணக்குத் தொடங்கத் தீர்மானம் போட்ட நகல் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை. அதுவரைக்கும் சேகோ அக்கா பெயரிலும் கொலுசு அண்ணன் பெயரிலும் ஒரு கூட்டுச் சேமிப்புக் கணக்கு, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற முறையில். ஃபாரத்தில் அந்த இடத்தைக் கவனித்து டிக் அடியுங்கள், யாராவது ஒருவர் எடுக்கலாம் என்பதில் அடித்துவிட்டால் பிரித்ததற்கு அர்த்தமே இல்லை. பணம் எடுக்கச் சிரமமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு கேட்க வேண்டும். அந்தச் சிரமம் எங்களுக்குப் பிடித்திருந்தது.

பதிவு செய்ய 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. ஏழு பேர் இருந்தால் போதும், நோக்கம், விதிமுறை எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தொழிற்சங்கமாக வைக்கலாம் என்று லாரித் தம்பி சொன்னான். அது அப்போது 1926ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டத்தில் வந்தது, சம்பளப் பேச்சுவார்த்தை எல்லாம் முறைப்படி செய்ய அதுதான் வசதி. இரண்டு கூட்டம் சண்டை போட்டோம். சங்கம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் முதலாளிகளுக்குக் கொடியும் கோஷமும்தான் கண்ணில் தெரியும், பாதிப் பேர் வீட்டிலும் ஆபீஸிலும் ‘கம்ப்யூட்டர் கிளாஸ்’ என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள். அதனால் படிப்பு, பயிற்சி, பரஸ்பர உதவி என்று நோக்கம் எழுதிச் சாதாரண சங்கமாகவே 2024இல் பதிந்தோம். அது சரியான முடிவா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: பதிவோடு வேலை முடிவதில்லை. வருடா வருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். அதைச் செய்ய ஆள் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசீதுப் புத்தகம் ஒன்று அச்சடித்தோம். நூறு ரூபாய் என்றாலும் ரசீது. ரொக்கமாக 5,000க்கு மேல் வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. எந்த நிகழ்ச்சிக்கும் முழுப் பணம் பத்து நாள் முன்னால் வந்தவர்களை மட்டும் எண்ணிக்கையில் சேர்க்கிறோம். வாயால் சொன்னவர்களை எண்ணுவதில்லை, அது சேகோ அக்காவாகவே இருந்தாலும். நான் செயலாளர் பதவியை விட்டுவிட்டேன்.

இப்போது மாதம் இரண்டாவது ஞாயிறு, அந்தப் பள்ளி வகுப்பறையில்தான் கூட்டம். குழந்தைகள் பெஞ்ச், முழங்கால் இடிக்கும். வாடகை இல்லை, டீக்குத் தலைக்குப் பத்து ரூபாய். ஒருவர் தனக்குத் தெரிந்த ஒன்றை முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெரிய பேச்சாளரைக் கூப்பிட்டதைவிட இது நன்றாக ஒட்டுகிறது. லாரித் தம்பி எக்ஸெலில் பாக்கிப் பட்டியல் எடுப்பது சொன்னான். ஆஸ்பத்திரி ரிசப்ஷனிலிருந்து வரும் ஒரு பெண், கோபமாகப் பேசுகிறவரிடம் போனில் எப்படிப் பேசுவது என்று நடித்தே காட்டினாள். பிஎஃப் பாஸ்புக்கைத் தன் போனிலேயே திறந்து பார்ப்பதை ஒரு ஞாயிறு முழுக்க எல்லோரும் செய்தோம். திறந்து பார்த்ததில் மூன்று பேருக்குப் பிறந்த தேதி தப்பு, ஒருவருக்கு அப்பா பெயர் இடத்தில் முதலாளி பெயர். நீங்களும் இன்றே உங்களுடையதைத் திறந்து பாருங்கள். மற்றவர்களுடையதைத்தான் நாம் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்போம்.

எனக்கு அதிகம் பயன்பட்ட கூட்டம் வேறு. ஒரு மாதம் முழுக்க ஆபீஸில் என்ன செய்கிறோமோ அதை ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதிக்கொண்டு வரச் சொன்னோம். சேகோ அக்காவின் பட்டியலில் 43 விதமான வேலை. அவரே எண்ணிப் பார்த்துவிட்டு, “இத்தனையுமா பண்றேன்?” என்றார். அந்தப் பட்டியலை ஒரு பக்கமாகச் சுருக்கி டைப் செய்து, பிஎஃப் பேச்சையும் சேர்த்து, அவர் தன் முதலாளியிடம் கொண்டுபோனார். சண்டை போடவில்லை, தாளை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அடுத்த மாதத்திலிருந்து பிஎஃப் லிஸ்ட்டில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். தன் பெயரைத் தானே டைப் செய்தபோது ஸ்பெல்லிங் தப்பாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் 18,000 இருந்தது 20,500 ஆயிற்று. அந்த மூன்று வருடப் பிஎஃப் பற்றி இன்னும் பதில் வரவில்லை, கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் தேதியோடு இருக்கிறது. கொலுசு அண்ணனின் தாள் என்ன ஆயிற்று என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார்.

முகாமுக்கு அடித்ததில் 35 பை மிஞ்சியது, பரணில் போட்டு வைத்திருந்தேன். ஃபைலும் பேனாவும் எப்போதோ தீர்ந்துவிட்டன. பேடு மட்டும் தேதி அச்சடித்திருப்பதால் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. போன மாதக் கூட்டத்தில் மினிட் எழுதும் முறை பள்ளி ஆபீஸ் பெண்ணுக்கு. நோட்டில் எழுதும் முன் ரஃபாக எழுதத் தாள் கேட்டாள். ஒரு பேடை எடுத்துக் கொடுத்தேன். தலையில் இருந்த 2023 மே தேதியை ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டு, பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டு, அடித்த இடத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டாள். இன்னும் பதினொரு பேடு பாக்கி இருக்கிறது.